பணப் பேச்சு முடிந்த பிறகு நன்றிப் பேச்சு: அலுவலக ஆண்டிறுதிச் சந்திப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் சிங்கப்பூர் அலுவலகங்களில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். மிச்சமிருக்கும் லீவை முடிக்க வேண்டும், கணக்கை முடிக்க வேண்டும், மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வருமா வராதா என்ற பேச்சு பேன்ட்ரியில் தனியாக ஓடும். இதற்கு நடுவே யாராவது ஒருவர், "எல்லாரும் உட்கார்ந்து இந்த வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமே, ஒருத்தருக்கொருத்தர் நன்றி சொல்லிக்கலாமே" என்று ஆரம்பிப்பார். நல்ல யோசனைதான். பெரும்பாலும் அது ஒரு கேக், ஒரு குழுப்படம், மேலாளரின் ஐந்து நிமிடப் பேச்சு என்று முடிந்துவிடும்.

அலுவலகமும் சரக்குக் கிடங்கும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இடத்தில் நான் வேலை பார்க்கிறேன். இங்கே பிறந்த தமிழர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் வந்துபோகிறவர்கள், சீன, மலாய் சக ஊழியர்கள் என்று கலந்த கூட்டம். இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்யும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது. பார்த்த வரையில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். நன்றியையும் மதிப்பீட்டையும் ஒரே மேஜையில் வைத்துவிடுகிறார்கள். மதிப்பெண் போடுகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மனிதர்கள் நன்றி சொல்வதில்லை, விண்ணப்பம் போடுகிறார்கள். கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாமே அந்த இரண்டையும் பிரித்து வைப்பதற்கான வழிகள்தான்.

முதல் படி: பணப் பேச்சை முன்னாலேயே முடியுங்கள்

பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று நாம் சொல்லும் ஏடபிள்யூஎஸ் சட்டப்படி கட்டாயம் கிடையாது. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. இல்லையென்றால் முதலாளி மனசு வைக்க வேண்டும். அதனால் டிசம்பரில் பாதிப் பேரின் கவனம் அதிலேயே இருக்கும். அதைத் தப்பு சொல்ல முடியாது, வீட்டுக் கடன் கட்டுகிறவருக்கும் ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கும் அதுதான் பெரிய கேள்வி.

ஆகவே மேலாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: போனஸ் செய்தி என்றைக்கு வரும்? அது வந்து குறைந்தது ஒரு வாரம் போகட்டும், அப்புறம் சந்திப்பை வையுங்கள். இந்த வருஷம் ஒன்றும் இல்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடச் சொல்லுங்கள். "போனஸ் இல்லை" என்ற செய்தியையும் நன்றி அட்டையையும் ஒரே நாளில் நீட்டினால் அட்டை குப்பைக்குத்தான் போகும், போகவும் வேண்டும். மதிப்பீட்டு நேர்காணல்கள் ஜனவரிக்குத் தள்ளிப்போகும் இடமாக இருந்தால், "இங்கே பேசுவது எதுவும் படிவத்தில் ஏறாது" என்று மேலாளர் வாயாலேயே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாம் படி: தேதியும் நேரமும்

டிசம்பர் முதல் வாரம், தவறினால் இரண்டாம் வாரத் தொடக்கம். அதற்குப் பிறகு ஆள் கிடைக்காது. பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பாதியிலேயே தொடங்கி ஆண்டு முடியும் வரை இருப்பதால், பிள்ளைகள் இருப்பவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி லீவில் போய்விடுவார்கள். சிலர் ஊருக்கே கிளம்பிவிடுவார்கள். ஜனவரிக்குத் தள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பொங்கல், அடுத்தாற்போல் சீனப் புத்தாண்டு என்று அந்த மாதத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

நேரம் கண்டிப்பாக வேலை நேரமாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஜொகூரிலிருந்து வருகிறவர் விடிவதற்கு முன்பே எழுந்து பாலத்தைக் கடந்து வந்திருப்பார். அவரை மாலை ஏழு மணிக்கு நிறுத்தி வைத்து "உங்கள் உழைப்புக்கு நன்றி" என்பது என்ன நியாயம்? விடுதியில் தங்கியிருக்கும் ஊழியர்களுக்கு லாரி கிளம்பும் நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். செவ்வாய் அல்லது புதன், மதியம் மூன்று மணி என்று வைத்தால் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒத்துவரும். இரவு ஷிப்ட் இருக்கும் இடத்தில் ஒரே கூட்டம் போதாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் இன்னொன்று சின்னதாக வையுங்கள்.

இடம் அலுவலகத்திலேயே இருக்கட்டும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வைக்கலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், மதியம் கொட்டத் தொடங்கினால் அவ்வளவுதான்.

மூன்றாம் படி: யாரையெல்லாம் கூப்பிடுவது

சம்பளப் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். துப்புரவு வேலை செய்யும் ஆன்ட்டி வேறு நிறுவனத்தின் ஊழியர். வாசலில் இருக்கும் பாதுகாவலர் இன்னொரு நிறுவனத்தின் ஆள். நடுவில் ஒப்பந்தத்துக்கு வந்து ஆகஸ்டில் போன பெண்ணும் இந்த வருஷத்தில் பங்குள்ளவர்தான். பட்டியலை எழுதும்போது, "இவர் ஒரு வாரம் வராவிட்டால் நமக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே எழுதுங்கள்.

வரமுடியாதவர்களுக்கு, அதாவது லீவில், மகப்பேறு விடுப்பில், மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு எழுத்தில் போகட்டும். காணொளியில் இணைக்கலாம்தான், ஆனால் திரையில் ஒருவரும் அறையில் இருபது பேரும் என்றால் திரையில் இருப்பவர் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பார். அதைவிட அவருக்கு நாலு பேர் குரல்பதிவு அனுப்புவது மேல்.

நான்காம் படி: வருஷத்தை ஞாபகத்துக்குக் கொண்டுவருவது

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். திடீரென்று "இந்த வருஷம் யாருக்கு நன்றி சொல்லணும்?" என்று கேட்டால் எல்லோருக்கும் நவம்பர்தான் ஞாபகம் வரும். பிப்ரவரியில் ராப்பகலாக உழைத்தவர் காணாமல் போய்விடுவார்.

ஒரு வாரம் முன்பே எல்லோரிடமும் சொல்லி, இருபது நிமிடம் தனியாக உட்கார்ந்து வருஷத்தைப் புரட்டச் சொல்லுங்கள். வெறுமனே ஜனவரி, பிப்ரவரி என்று போனால் ஒன்றும் வராது. இங்கே நமக்கு வசதியான ஆணிகள் இருக்கின்றன, பண்டிகைகள்தான். சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் எப்படிப் போயிற்று? நோன்புப் பெருநாளுக்கு மலாய் நண்பர்கள் லீவில் போனபோது யார் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்? விசாக தினத்தை ஒட்டி என்ன நடந்தது? தேசிய தினம்? கார் பந்தயத்துக்காக மரீனா பே பக்கம் சாலைகளை மூடினார்களே, அப்போது டெலிவரி எப்படிப் போனது? தீபாவளிக்கு உங்களுக்கு லீவு கிடைக்க யார் விட்டுக்கொடுத்தார்கள்?

கடைசிக் கேள்விக்கு எங்கள் இடத்தில் வந்த பதில் பலருக்கும் புதிது. தமிழர்கள் எல்லோரும் தீபாவளிக்கு மறுநாளும் சேர்த்து லீவு எடுத்துக்கொள்ள முடிந்தது, ஒரு சீன அக்கா அந்த வாரம் தன் லீவைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டதால்தான். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஷிப்ட் அட்டவணையின் பழைய படத்தை யாரோ தேடி எடுத்ததால் தெரியவந்தது.

ஆம், அட்டவணை, வாட்ஸ்அப் குழு, கைப்பேசியில் இருக்கும் படங்கள் மூன்றையும் புரட்டச் சொல்லுங்கள். முக்கியமாக வாட்ஸ்அப். "யாராவது இருக்கீங்களா, அவசரம்" என்று தேடிப் பார்த்து, அதற்கு முதலில் யார் பதில் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்.

ஐந்தாம் படி: நன்றியை எழுதுவது

முழு வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பேசுவதற்கு முன் எழுத வையுங்கள். அரைப் பக்கம் போதும், அட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

எழுத மூன்று விஷயம் வேண்டும்: அவர் என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் எனக்கோ வேலைக்கோ என்ன மாறியது. மூன்றில் எது விட்டுப்போனாலும் குறிப்பு வாழ்த்து அட்டை ஆகிவிடும்.

"எல்லா உதவிக்கும் நன்றி அண்ணே, நீங்க எப்பவும் பெஸ்ட்." இதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பெயரை மாற்றினால் போதும்.

இதைப் பாருங்கள்: "அண்ணே, தேசிய தின வாரம் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். நான் கேட்கவே இல்லை, என் இரண்டு இரவு ஷிப்டையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. திங்கட்கிழமை வந்தா என் மேஜையில ஒரு பாக்கி வேலைகூட இல்ல. அந்த ரெண்டு ராத்திரியும் அம்மா பக்கத்துல நான் இருக்க முடிஞ்சது உங்களாலதான்."

இப்படிப் பெரிய காரியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. "மே மாதம் புது ஸ்கேனர் வந்தப்ப, எந்தப் பட்டனை எப்ப அமுக்கணும்னு ஒரு தாளில் படம் வரைஞ்சு ரேக்கில் ஒட்டினீங்க அக்கா. நவம்பரில் சேர்ந்த பையன்கூட அதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டான்." எழுதியவருக்கு இது சின்ன விஷயம். வாங்கியவர் அந்தத் தாளை யாரும் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தார்.

பலர் எழுதத் தயங்குவார்கள். "ரொம்ப ஓவரா இருக்குமோ", "அவருக்குக் கூச்சமா இருக்குமோ" என்பார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுகிறவருக்கு அது எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூடுதலாகவும், எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதைக் குறைவாகவும் கணித்தார்கள். எழுதுகிறவர் வார்த்தைகள் சரியாக வந்திருக்கிறதா என்று கவலைப்படுகிறார். வாங்குகிறவருக்கு அதில் இருக்கும் அன்புதான் படுகிறது. தயங்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேனாவை எடுத்துவிடுவார்.

தவிர்க்க வேண்டிய சில வகை நன்றிகளும் உண்டு. ஊசி வைத்த நன்றி: "இந்த வருஷமாவது லேட்டா வராம இருந்ததுக்கு நன்றி." வேடிக்கைக்குச் சொன்னாலும் வேண்டாம். அடுத்தது மேலாளர்கள் சொல்வது: "லீவில் இருந்தும் போனை எடுத்தீர்களே, அதற்கு நன்றி." லீவில் இருப்பவரைக் கூப்பிட்டதே தவறு. அதற்கு நன்றி சொன்னால் அடுத்த வருஷமும் கூப்பிடுவோம் என்று அர்த்தமாகிவிடும். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், "இனிமேல் அப்படிக் கூப்பிட மாட்டோம், அதற்கு இந்த ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

யாருக்கும் குறிப்பு வராமல் போகக்கூடாது. அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு பெயரை முன்பே கொடுத்துவிடுங்கள். அந்தப் பெயருக்கு ஒரு குறிப்பு கட்டாயம். அதற்குமேல் விருப்பப்பட்டவருக்கு எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். பெயர் வந்தவரோடு அதிகப் பழக்கமே இல்லை என்றால், அவரோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நல்ல குறிப்புகள் சில அப்படி விசாரித்து எழுதப்பட்டவைதான்.

ஆறாம் படி: சாப்பாடு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலிருந்து வாங்குங்கள், மாட்டிறைச்சி வேண்டாம், சைவத்தைத் தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியோடு வையுங்கள். சைவம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். சைவ மீ ஹூன்தான் எப்போதும் முதலில் தீரும். சாப்பாடு பேச்சுக்கு முன்னால் வேண்டாம், முடிந்த பிறகு. தேநீரும் கோப்பியும் மட்டும் தொடக்கத்திலேயே இருக்கட்டும், கையில் ஒரு கப் இருந்தால் பேசக் கூச்சப்படுகிறவருக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

ஏழாம் படி: முதல் அரை மணி, நன்றி

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நீள மேஜை வேண்டாம், மேலாளர் தலைமாட்டில் போய் உட்கார்ந்துவிடுவார். நடத்துகிறவர் பதவியில் பெரியவராக இல்லாமல் எல்லோருக்கும் பழக்கமானவராக இருப்பது நல்லது.

மேலாளர் முதலில் பேசட்டும், இரண்டு நிமிடம், அதுவும் பெயர் சொல்லி, குறிப்பாக. அவர் "டீம் ஸ்பிரிட்" என்று ஆரம்பித்தால் அடுத்து வரும் எல்லோரும் அதையே சொல்வார்கள். "மார்ச்சில் அந்தக் கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டபோது" என்று ஆரம்பித்தால் மற்றவர்களும் அப்படியே ஆரம்பிப்பார்கள். ஒரு நாள் முன்னாலேயே அவரிடம் போய் இதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு ஒவ்வொருவரும் தன் குறிப்பை வாசிக்கலாம், அல்லது கையில் கொடுத்துவிட்டு உட்காரலாம். யாரையும் வாசிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். மொழி அவரவர் விருப்பம். தமிழில் பேசினால் பக்கத்தில் இருப்பவர் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்லட்டும். மலாயோ மாண்டரினோ பேசினாலும் அப்படியே. ஆங்கிலத்தில் நாலு வார்த்தைக்குமேல் பேசாத ஓர் அண்ணன் தமிழில் மூன்று நிமிடம் சரளமாகப் பேசுவதை மற்றவர்கள் அன்றைக்குத்தான் கேட்பார்கள்.

நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே நன்றி கேட்பது கூச்சம். "அட, இதுக்கெல்லாமா" என்று தட்டிவிடுவார்கள், அல்லது "நான் என்ன செஞ்சேன், எல்லாம் அவங்கதான்" என்று பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். பண்பான பழக்கம்தான், ஆனால் சொன்னவருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. ஆரம்பத்திலேயே ஒரு விதி சொல்லிவிடுங்கள்: கேட்கிறவர் தலையை ஆட்டினால் போதும், பதில் சொல்லக் கூடாது.

எட்டாம் படி: இரண்டாவது அரை மணி, வளர்ச்சி

இந்த இடத்தில் மதிப்பெண் போடுகிற மேலாளர் தன் கோப்பியோடு வெளியே போய்விட வேண்டும். முன்பே பேசிவைத்துக்கொண்டால் அவருக்கும் வருத்தம் இருக்காது. அவர் இருந்தால் "என்னால் இன்னும் முடியாதது" என்று ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்று கேள்விகளை எழுதி ஒட்டுங்கள். போன ஜனவரியில் முடியாமல் இருந்து இப்போது முடிகிறது எது? அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அடுத்த வருஷம் எதை விட்டுவிடப் போகிறேன்? இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் இது தற்பெருமைக் கூட்டமாகிவிடும்.

எங்கள் கிடங்கில் மூத்தவர் ஒருவர் ஒரு பையனைப் பார்த்து, "தம்பி, வந்த புதுசுல கஸ்டமர் போன் அடிச்சா எங்கிட்ட கொடுத்துட்டு ஓடுவ. இப்ப நீயே சண்டை போடுற" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பையன் சொன்னான்: "நீங்கதானே அண்ணே ஸ்பீக்கர்ல போடச் சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து தாள்ல எழுதி எழுதிக் காட்டுனீங்க." அண்ணனுக்கே அது மறந்துபோயிருந்தது.

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எதைப் புதிதாகக் கற்பேன் என்று கேட்டால் எல்லோரும் எக்ஸெல், ஏஐ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதை விடுவாய் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "எல்லா மெயிலுக்கும் நானே பதில் போடுவதை", "மதியச் சாப்பாட்டை மேஜையிலேயே சாப்பிடுவதை", "தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டுவதை" என்றெல்லாம் வரும்.

படிக்க வேண்டும் என்று சொல்கிறவர்களுக்குக் கையோடு தகவல் கொடுங்கள். 25 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, பயிற்சிக் கட்டணத்துக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 500 வெள்ளி இருக்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் என்றால், 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி, குறிப்பிட்ட சில பயிற்சிகளுக்கு. பலர் அதைத் தொட்டே இருக்க மாட்டார்கள். ஆனால் அறையில் எல்லோருக்கும் பொதுவாக இதை அறிவிக்காதீர்கள். நிரந்தரவாசிக்கும் வேலை அனுமதியில் இருப்பவருக்கும் அந்தப் பணம் கிடையாது. அவர்கள் முன்னால் "எல்லாரும் இதைப் பயன்படுத்துங்க" என்றால் மனசு சுருங்கும். அவர்களுக்கு வேறு கேள்வி: நிறுவனம் எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டும்? கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு ஆர்1 தகுதி, அதாவது உயர்திறன் ஊழியர் என்ற தகுதி, பழக்கமானதுதான். ஆர்1 ஊழியருக்கு முதலாளி கட்டும் தீர்வை குறைவு என்பதால், அந்தப் பேச்சை முதலாளியிடம் எடுக்க ஊழியர் தயங்க வேண்டியதில்லை.

ஒன்பதாம் படி: சிக்கலான இடங்கள்

எல்லோருக்கும் நல்ல வருஷமாக இருந்திருக்காது. ஆட்குறைப்பு நடந்த இடத்தில் "நன்றி" என்று ஆரம்பித்தால் போனவர்களின் காலி நாற்காலியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதை முதலிலேயே பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள். போனவர்களுக்கும் குறிப்பு எழுதி அவரவர் கைப்பேசிக்கு அனுப்பலாம். வேலை தேடுகிறவருக்கு, தான் என்ன செய்தோம் என்று எழுத்தில் இருப்பது நேர்காணலில் பேசக்கூட உதவும்.

வீட்டில் இழப்பு நேர்ந்தவரிடம், கூட்டத்துக்கு முன்பே தனியாகக் கேளுங்கள்: வர விருப்பமா, வந்தால் அதைப் பற்றி யாரும் பேசலாமா? அவர் சொல்வதுதான் முடிவு.

சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இருவருக்குச் சீட்டில் ஒருவர் பெயர் மற்றவருக்கு வந்தால், சத்தமில்லாமல் சீட்டை மாற்றிவிடுங்கள். இந்தக் கூட்டத்தில் சமாதானம் செய்துவைக்கலாம் என்று யாராவது நல்லெண்ணத்தில் கிளம்பினால் தடுங்கள். பத்துப் பேர் பார்க்கக் கைகொடுக்க வைத்தால் கை மட்டும்தான் சேரும். சம்பள பாக்கி, கூடுதல் நேரக் கூலி, கேலிப் பேச்சு மாதிரியான குறைகள் கிளம்பினால், "இதை இன்றைக்கே தனியாகக் குறித்துக்கொள்கிறேன்" என்று எழுதிக்கொண்டு, மறுநாள் மனிதவளப் பிரிவிடம் கொண்டுபோங்கள். நன்றிக் கூட்டத்தைக் காட்டி அதை அமுக்கினால் அடுத்த வருஷம் யாரும் வர மாட்டார்கள்.

பத்தாம் படி: அதற்குப் பிறகு

படங்களை நிறுவனப் பக்கத்தில் போடுவதற்கு முன் கேளுங்கள். குறிப்புகளில் இருப்பதை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அம்மாவின் மருத்துவமனை விஷயம் லிங்க்ட்இன் பதிவில் வர வேண்டியதில்லை.

வெளி நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டும் ஒரு காரியம் கூடுதலாகச் செய்யுங்கள். துப்புரவு ஆன்ட்டிக்கும் பாதுகாவலருக்கும் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர்களுடைய சூப்பர்வைசருக்கு அலுவலக மின்னஞ்சலில் நாலு வரி அனுப்பலாம், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான். உங்கள் ஊழியருக்கு நன்றியும் மதிப்பீடும் கலக்கக் கூடாது என்றேன். இவர்கள் விஷயம் வேறு: இவர்களை மதிப்பிடுகிறவர் இவர்கள் வேலையைப் பார்ப்பதே இல்லை, வேறு எங்கோ இருக்கிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அந்த நாலு வரி கோப்பில் இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும்.

வளர்ச்சிக் கேள்விகளுக்கு வந்த பதில்களை அவரவரே வைத்துக்கொள்ளட்டும். மார்ச் கடைசியில் தேநீர் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்து, "எதை விட்டுவிடப் போறேன்னு சொன்னீங்க, விட்டாச்சா?" என்று மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை டிசம்பரிலேயே எல்லோருடைய நாட்காட்டியிலும் போட்டுவிடுங்கள், மார்ச்சில் போட்டால் இடம் இருக்காது.